ஊசி போடறவங்க பந்தியில உட்காரலாமா?

"பொண்ணு கல்யாணம் டாக்டர். அன்னைக்காவது நான் வயிறாரச் சாப்பிட வேண்டாமா? அதான் ஊசியை நிறுத்திட்டேன்."

வார்டு கட்டிலில், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, அந்த அம்மா சொன்னார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஐம்பதைத் தாண்டிய வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஏழு மாதமாக வாரம் ஒரு டிர்செபடைட் ஊசி. 96 கிலோவில் ஆரம்பித்தவர் 83க்கு வந்திருந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. முட்டி வலி பாதியாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பந்தக்கால், நலுங்கு, கல்யாணம், மறுவீடு என்று நாலு வாரம் ஊசியைத் தொடவில்லை. எல்லாம் முடிந்து எடை மிஷினில் ஏறினால் மூன்று கிலோ கூடியிருக்கிறது. பதறிப்போய், ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த அதே பழைய 10 மில்லி கிராம் ஊசியை ஒரு சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டார். மறுநாள் மதியம் சம்பந்தி வீட்டில் கறி விருந்து.

அன்று சாயங்காலம் ஆரம்பித்த வாந்தி இரண்டு நாள் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. சிறுநீர் குறைந்துபோச்சு. கிரியாட்டினின் ஏறியிருக்கு. வாந்திக்கு நடுவிலும் பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டிருக்கிறார், அது வேற. நல்லவேளையாக சலைன் ஏற ஏற மூன்றாம் நாள் தேறிவிட்டார்.

இதில் என் தப்பும் இருக்கு. ஊசியை எங்கே குத்தணும், எப்படி வைக்கணும், என்ன பக்க விளைவு வரும் என்று அரை மணி நேரம் பேசின நான், "வீட்டுல ஏதாவது விசேஷம் வருதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதெல்லாம் இந்த ஊசி எழுதும் ஒவ்வொருவரிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

டிர்செபடைட் நம்ம நாட்டில் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் வந்தது. உடல் பருமனுக்கான செமாகுளூடைட், வெகோவி என்ற பெயரில் அதே வருடம் ஜூனில் வந்தது. 2026 மார்ச்சோடு செமாகுளூடைட்டின் காப்புரிமையும் இங்கே முடிந்துவிட்டது. இனி உங்கள் தெருவிலேயே நாலு பேர் இதைப் போடுவார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என்னிடம் வருபவர்களில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறேன். விசேஷத்துக்காக ஊசியை நிறுத்துகிறவர்கள் ஒரு வகை. ஊசிக்காக விசேஷத்துக்குப் போவதையே நிறுத்துகிறவர்கள் இன்னொரு வகை.

முதல் வகை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை. ஒரு தம்பி, முப்பத்தைந்து வயது, 20 கிலோ குறைத்துவிட்டார். ஆனால் எட்டு மாதமாக எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. கேட்டால், "இலையில மீதி வச்சா திட்டுறாங்க சார். முகம் வத்திப்போச்சே, என்ன வியாதின்னு கேட்குறாங்க. போகாம இருந்துட்டா நிம்மதி" என்கிறார். சொந்த அக்கா மகன் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமனே இவர்தான்!

எடை குறைந்தது எதற்கு? இப்படி ஒதுங்கி உட்காரவா?

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்து "போதும்" என்ற உணர்வைச் சீக்கிரம் தருகிறது. கூடவே, இரைப்பையில் இருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. அதனால் மதியம் சாப்பிட்டது சாயங்காலம் வரைக்கும் வயிற்றில் கனமாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய் அதிகமென்றால் இன்னும் நேரமாகும். அழுகின முட்டை வாடையில் ஏப்பம் வருகிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

இந்த மந்தத்துக்கு உடம்பு பழக நாளாகும். அதற்காகத்தான் டிர்செபடைட்டை 2.5 மில்லி கிராமிலும், செமாகுளூடைட்டை 0.25 மில்லி கிராமிலும் ஆரம்பித்து, நாலு நாலு வாரமாகப் படிப்படியாக ஏற்றுகிறோம். டிர்செபடைட் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 நாள், செமாகுளூடைட்டுக்கு ஒரு வாரம். நாலு வாரம் டிர்செபடைட்டை விட்டால் மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வெளியேறிவிடும். மருந்து போனால் பழக்கமும் போச்சு. அந்த நிலையில் பழைய பெரிய டோஸை நேரடியாகப் போட்டால், முதல் நாளே பெரிய டோஸ் போட்ட மாதிரிதான். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுவே.

ஆகவே, இரண்டு மூன்று வாரம் ஏதோ காரணத்தால் விட்டுப்போயிருந்தால், தயவுசெய்து நீங்களாக அடுத்த ஊசியை எடுத்துக் குத்திக்கொள்ளாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு போன். எந்த டோஸில் இருந்து திரும்ப ஆரம்பிப்பது என்று அவர் சொல்லட்டும்.

"அப்போ பொண்ணு கல்யாணத்துக்கு என்னதான் சார் பண்றது?"

ஊசியை நிறுத்த வேண்டாம். ஊசி போடும் கிழமையை நகர்த்துங்க.

ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் பலருக்குக் குமட்டல் அதிகம். மருந்தின் அளவு ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். உங்கள் நாள் சனிக்கிழமை, கல்யாணம் ஞாயிறு என்றால் அந்த வாரம் மட்டும் திங்கட்கிழமை போடுங்க. அடுத்த சனிக்கிழமை வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு ஊசிக்கு நடுவில் டிர்செபடைட் என்றால் குறைந்தது 3 நாள், செமாகுளூடைட் என்றால் குறைந்தது 2 நாள் இடைவெளி வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் பலர் மாதக்கணக்கில் நிறுத்தித் தொலைக்கிறார்கள்.

விசேஷம் இருக்கும் மாதத்தில் டோஸை ஏற்றவும் வேண்டாம். உங்கள் டாக்டரிடம் சொன்னால் ஏற்றுவதைத் தள்ளிவைப்பார். ஒரு மாதம் அதே டோஸில் இருந்தால் குடி முழுகிப் போகாது.

இப்போது இலைக்கு வருவோம்.

ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு இருக்கே என்று பகலெல்லாம் பட்டினி கிடப்பது நம்ம பழக்கம். ஊசி போடுபவர்கள் இதைச் செய்யவே கூடாது. காலியான வயிற்றில் திடீரென்று நெய், எண்ணெய், இனிப்பு எல்லாம் இறங்கினால் மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி வரும். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் தயிர் சாதம், ஒரு முட்டை என்று சாப்பிட்டுவிட்டே போங்க.

இலையில் முதலில் கூட்டு, பொரியல், பருப்பு. அசைவப் பந்தி என்றால் சுக்காவில் இருந்து நாலு துண்டு கறி, ஒரு முட்டை. ஏன் என்றால் இப்போது உங்கள் வயிற்றில் இடம் கம்மி. அந்தக் கொஞ்ச இடத்தை ஜாங்கிரிக்கும் அப்பளத்துக்கும் கொடுத்துவிட்டால் புரதம் போக இடமிருக்காது. எடையோடு சேர்ந்து தசையும் கரையும். அப்புறம் "சார், உடம்பு இளைச்சிருச்சு ஆனா தெம்பே இல்ல" என்று வந்து நிற்பீர்கள்.

அதற்காக ஸ்வீட்டையே தொடாதீங்க என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற டாக்டர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பால் பாயசம் உங்களுக்கு உயிர் என்றால் ரெண்டு வாய் ரசிச்சுக் குடிங்க. பாதி மைசூர்பாக் எடுத்துக்கோங்க. சுகர் இருப்பவர்களுக்கும் அந்தப் பாதியோடு கணக்கு முடிந்தது. பிடிக்காத ஸ்வீட்டை இலையில் போட்டுவிட்டார்களே என்று தின்னாதீங்க, அவ்வளவுதான்.

வயிறு நிறைந்த பிறகு நிறுத்தலாம் என்றால் லேட். லேசாகக் கனம் தட்டும், சிலருக்கு ஒரு விக்கல் வரும். அங்கேயே கை நின்றுவிட வேண்டும். ரசம் சாதம், மோர் சாதம் இரண்டும் பாக்கி இருக்கே என்று கணக்குப் பார்க்காதீங்க. மோரை டம்ளரில் வாங்கி அரை மணி கழித்துக் குடிக்கலாம்.

கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகூர்த்தம் முடிந்து, போட்டோ முடிந்து, மூன்றாவது பந்திக்கு இடம் கிடைக்கும்போது மணி இரண்டாகிவிடும். மாத்திரையோ காலையிலேயே உள்ளே போயிருக்கும். சுகர் இறங்கி மண்டபத்திலேயே மயங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்க. வெட்கப்படாமல் முதல் பந்தியிலேயே உட்காருங்க.

இனி, பரிமாறுபவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நம்ம ஊரில் "போதும்" என்ற சொல்லுக்கு அர்த்தமே "இன்னும் ஒரு கரண்டி" என்பதுதான்! இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தாலும் விரல் சந்தில் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார்கள். அது அன்புதான், எனக்கும் தெரியும். ஒரு காலத்தில் வருடத்துக்கு நாலு தடவைதான் நெல்லுச்சோறு கண்ட ஊர் இது. விருந்தாளியை வயிறு முட்ட அனுப்புவது மானப் பிரச்சினையாக இருந்தது. இன்று அதே பந்தியில் உட்கார்ந்திருக்கும் பத்து பேரை எடுத்தால் ஒருத்தருக்காவது சுகர், ஒருத்தருக்காவது பிரஷர். சிலருக்கு ரெண்டும். போதும் என்றால் போதும் என்று எடுத்துக்கொள்ள நாம் இன்னும் பழகவில்லை.

ஊசி போடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொன்னால், "அய்யோ, அது போட்டா கணையம் போயிருமாமே, வாட்ஸப்ல வந்துச்சே" என்று ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னாலும் தப்ப முடியாது, உடனே ஒரு அத்தை கஷாயத்தோடு வந்துவிடுவார். நான் என் பேஷண்டுகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வசனம் இதுதான்: "வைத்தியம் நடக்குது அத்தை. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க. அந்த வடையை ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்." வாங்கிக்கொண்டால் அத்தைக்குத் திருப்தி. வாயைக் கட்ட வேண்டியதும் இல்லை.

மது பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஏற்கனவே குமட்டல் உள்ள வயிறு, குறைவாகச் சாப்பிடும் உடம்பு. வாந்தி வந்தால் நீர்ச்சத்து போகும், இன்சுலின் போடுபவருக்கு சுகரும் இறங்கும். கணையத்துக்கும் அது ஆகாது.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு. ஊசியை 30 டிகிரிக்கு மேல் வெயிலில் விடக்கூடாது. சித்திரை மாதத்தில் நம்ம ஊரில் நிழலே அதைத் தாண்டிவிடுகிறது. பூட்டிய காருக்குள் வைத்த ஊசி வீண். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துபோனதும் வீண், குப்பையில்தான் போட வேண்டும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, டப்பாவில் பக்கத்தில் வையுங்க. விமானம் என்றால் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. ஊசி போட்ட மறுநாள் வால்பாறை கிளம்பாதீங்க. நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஊசி போடாதவனுக்கே அங்கே குமட்டும்.

கடைசியாக, ஆனால் இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. விருந்துக்குப் பிறகு மேல் வயிற்றில் விடாத கடும் வலி, அது முதுகுக்குப் பரவுகிறது, கூட வாந்தி என்றால் "கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல, வாயு" என்று சோடா குடித்து உட்காராதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். வலது பக்க விலாவுக்குக் கீழே என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றாலும் அதே கதைதான். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாங்க. லேசான வாந்தி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலை மடக்கு மடக்காகக் குடித்தால் போதும்.

அந்த அம்மா திரும்ப 2.5 மில்லி கிராமில் இருந்து ஆரம்பித்தார். "ஏழு மாசம் வீணாப் போச்சே சார்" என்று வருத்தப்பட்டார். வீணாகவில்லை, கூடினது மூன்று கிலோதான், அதையும் குறைத்துவிட்டார். போன மாதம் மகளுக்கு வளைகாப்பு. இந்த முறை பத்து நாள் முன்னாடியே போன் வந்தது: "சார், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஊசியை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கவா?"

மாற்றிக்கொண்டார். ஏழு வகைச் சாதத்திலும் ஒவ்வொரு ஸ்பூன் சாப்பிட்டாராம். மகளுக்கு முதல் வளையல் இவர்தான் போட்டாராம். மிச்சப் புளிசாதத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து மறுநாள் காலை டிபனுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

"புளிசாதம் மறுநாள்தான சார் ருசி" என்றார்.