பிரேம்சந்த் பிடித்த தீவட்டி

"கதை படித்தால் கூலி உயருமா, தோழரே?"

மந்தைவெளியில் நடந்த நமது வாசகர் கூட்டத்தில் ஓர் இளந்தோழர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்கத் தக்கதல்ல.

இதற்கு விடை தேடுவோர் பிரேம்சந்தின் லக்னோ பிரசங்கத்தைப் படிக்க வேண்டும். அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு 1936 ஏப்ரலில் அங்கே கூடிற்று. ஸஜ்ஜாத் ஜஹீர் முதலிய இளைஞர்கள் கூட்டிய மாநாடு அது. தலைமை வகித்த பிரேம்சந்த் கட்சிக்காரர் அல்ல. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1921-ல் சர்க்கார் உத்தியோகத்தை உதறியவர். 1934 டிசம்பரில் நமது சென்னைக்கும் வந்து, ஹிந்தி பிரசார சபையில் பேசிச் சென்றவர்.

லக்னோவில் அவர் என்ன சொன்னார்? அழகை அளக்கும் கோலையே மாற்ற வேண்டும் என்றார். சீமாட்டியின் பூச்சிலும் மினுக்கிலும் அழகைக் கண்ட எழுத்தாளன், பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு வயலில் வியர்வை சிந்தும் தாயிடமும் அதைக் காண வேண்டும் என்றார். மந்தைவெளித் தெருக்களில் பொழுது விடியுமுன் பற்றுப் பாத்திரம் தேய்க்கப் போகும் தாய்மாரை நாம் தினமும் காண்கிறோம். பத்திரிகைக் கதைகளில் அவர்கள் யார்? காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறைகிற "வேலைக்காரி", பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்து அவர் சொன்னது நம்மையே சுடும். இலக்கியம் அரசியலின் பின்னே நடந்து வருவதல்ல, தீவட்டி ஏந்தி அதற்கு முன்னே செல்வது என்றார். நாம் என்ன செய்கிறோம்? "மாநாட்டுக்கு ஒரு பாட்டு வேண்டும் தோழர், நாளைக்குள்!" என்கிறோம். கதையின் கடைசிப் பக்கத்தில் வேலைநிறுத்தம் ஜெயிக்காவிட்டால் முகம் சுளிக்கிறோம். எழுத்தாளனை ஊர்வலத்தின் வாலில் தப்பட்டை அடிக்க விட்டவர்கள் நாமும்தான்.

அதே 1936-ல் வெளிவந்தது பிரேம்சந்தின் "கோதானம்". அதில் ஒரு பசுமாட்டுக்கு ஆசைப்பட்ட ஹோரி, கடனில் மூழ்கிக் கூலியாகிச் சாகிறான். வீட்டில் எஞ்சிய சில்லறையும் கோதானமாகப் புரோகிதர் கைக்குப் போகிறது. கொடி ஏறவில்லை, கோஷம் இல்லை. ஆயினும் படித்து முடித்தவன் லேவாதேவிக்காரன் பக்கம் நிற்பானா? தமிழில் ரகுநாதன் 1953-ல் நெசவாளர் துயரைப் "பஞ்சும் பசியும்" என்று எழுதியதும் இந்த வழியில்தான்.

இளந்தோழரிடம் "கோதானம்" தமிழ்ப் பிரதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஹோரியைப் பற்றி அவர்தான் பேசப் போகிறார்.