ஓய்வும் உரிமையே

ஓய்வை வசதிபடைத்தோரின் ஆடம்பரமெனக் கருதுவோர், இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் பாதையை நோக்குதல் வேண்டும். 1966இல் பயணிகள் சேவை நின்றுபோன அப்புகையிரதப் பாதை, 1979 முதல் 1986 வரை தொண்டர்களின் உழைப்பையும் பெற்று, மோட்டார் வாகனம் புகாத 13 மைல் துவிச்சக்கரவண்டிப் பாதையாயிற்று. புகையிரதத்துக்கென அமைந்த மென்சரிவு சிறுவர்க்கும் முதியோர்க்கும் இசைந்தது.

2008இல் அதன் ஒரு பகுதியைப் பேருந்துக்கு ஒதுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பேருந்து வேண்டியதே. ஆயின் அதற்கான இடத்தை, வீதிகளை அடைத்து நிற்கும் தனியார் கார்களிடமன்றோ பெறவேண்டும்? வலியோரைத் தொடாது எளியோரின் வெளியைப் பறிப்பது எவ்வகைப் பொதுநலன்? மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது.

உழைப்போர் கட்டணமும் அச்சமுமின்றித் தம் பிள்ளைகளுடன் வண்டியோட்டும் வெளி சலுகையன்று, உரிமை.