தார் முடியும் இடத்தில் வண்டியும் நிற்கட்டும்

தேனி நகரத்தின் ஊடே செல்லும் நெடுஞ்சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? மேற்கே அது போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாகக் கொச்சி சென்று அரபிக் கடலோரத்தை அடைகிறது. கிழக்கே உசிலம்பட்டி, மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி, பாம்பனில் கடலைக் கடந்து, தனுஷ்கோடி மணலில் போய் முடிகிறது. பல ஆண்டுகள் இந்தச் சாலை முழுவதற்கும் 49 என்ற ஒரே எண் இருந்தது. இப்போது 85, 87 என்று பிரித்துவிட்டார்கள். எண் மாறினாலும் வழி அதுதான். ஆகவே, மாணவ நண்பர்களே, நம் மாவட்டத்தில் கடல் இல்லையே, கடற்கரை மணலைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சாலையின் கடைசி முனையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிக்கப் வண்டி நிற்காத தெரு உண்டா? பன்னீர் திராட்சையும் வாழைத்தாரும் சந்தைக்குப் போவது அதில்தான். அதற்குத் தம்பியான சிறு வண்டிக்குக் 'குட்டியானை' என்றே பெயர் வைத்துவிட்டோம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற ஜீப்புகளையும் தினமும் பார்க்கிறீர்கள். இந்த வண்டிகளை ஓட்டும் அண்ணன்மார் கெட்டிக்காரர்கள். கொண்டை ஊசி வளைவில் அவர்கள் வண்டியைத் திருப்பும் லாகவமே தனி. அமாவாசைக்கு இராமேஸ்வரம் போய்விட்டு, அப்படியே தனுஷ்கோடியையும் பார்த்துவிடலாம் என்று போகும்போதுதான் சிக்கல் வருகிறது. அரிச்சல்முனையில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. எதிரே மணல், அதற்கப்பால் அலை. "மலையே ஏறுகிற வண்டி, இந்த மணலில் போகாதா?" என்ற ஆசை எழுகிறது. அலையைச் சிதறடித்துக்கொண்டு கரையோரம் பாய்ந்து செல்லும் வண்டிகளை விளம்பரங்களில் காட்டிக் காட்டி அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

போகக்கூடாது என்பது என் கட்சி. வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. கணக்கோடு சொல்கிறேன், நீங்களே சரிபாருங்கள்.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் நிற்கிறார். அவருடைய இரண்டு பாதங்களும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் எடை சுமார் 170 கிராம். இனி வண்டிக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 2000 கிலோகிராம் உள்ள ஒரு பிக்கப்பின் டயர்களில் 30 பவுண்டு காற்று இருக்கிறது என்று கொள்வோம். பஞ்சர் கடையில் சொல்லும் 30 பவுண்டு என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. நம் கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோகிராம். டயர் எவ்வளவு சப்பையாகி நிற்கும்? உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் தரை கொடுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ ஈடாகும்வரை. 2000ஐ 2.1ஆல் வகுத்தால் நான்கு டயருக்கும் சேர்த்துச் சுமார் 950 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு டயருக்கு 240கூட இல்லை! உங்கள் இரு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு இடத்தில்தான் அரை டன் எடை நிற்கிறது. உங்கள் பாதம் மணலை அழுத்துவதைப் போல இது பன்னிரண்டு மடங்கு.

மலைப்பாதையில் இதைப் பற்றிக் கவலையில்லை. பாறையும் தாரும் அமுங்குவதில்லை. அங்கே வண்டியை எதிர்ப்பது சரிவு. சரிவை வெல்ல எஞ்சினுக்குச் சக்தி இருந்தால் போதும். மணலிலோ எதிரி வேறு. மணல் துகள்களை ஒட்டிவைக்கப் பசை ஏதும் கிடையாது. ஒன்றோடொன்று உராய்வதால்தான் அவை இடம்விட்டு நகராமல் இருக்கின்றன. உலர்ந்த மணலில் சக்கரம் வேகமாகச் சுழன்றால், துகள்களைப் பின்னால் வாரி எறிந்துவிட்டு அந்தக் குழிக்குள் தானே இறங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். கடைசியில் வண்டியின் அடிச்சட்டமே மணலில் உட்கார்ந்துவிடும். மலையில் வெற்றி தேடித்தந்த அதே சக்தி இங்கே மண்வெட்டி வேலை செய்கிறது.

இதை ஆராய்ந்து விடை கண்டவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் எகிப்து, லிபியப் பாலைவனங்களைச் சுற்றிவந்தவர் அவர். டயரில் காற்றைக் குறைத்தால் டயர் சப்பையாகித் தொடும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும் என்று பழகி அறிந்தார். நம் கணக்கில் 30ஐ 15 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். அப்படியும் புதைந்தால், சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஏற்றிவிடுவார். அதோடு நிற்காமல், மணல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று காற்றுக் குழாய் அமைத்துச் சோதனை செய்து, 1941இல் மணல்மேடுகளின் இயற்பியலைப் பற்றி ஒரு நூலே எழுதினார். செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள்கூட அந்த நூலைப் புரட்டுகிறார்கள். அந்தக் கோளிலேயே 2009இல் அமெரிக்காவின் 'ஸ்பிரிட்' ஊர்தி மென்மணலில் சக்கரம் புதைந்து நின்று, பூமியிலிருந்து எத்தனையோ முயன்றும் மீளவில்லை. ஆக, மணலில் மாட்டுவது ஒன்றும் அவமானமில்லை; பெரிய பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டலாமே என்பீர்கள். வண்டி போகும், மறுக்கவில்லை. ஆனால் எந்த மணலில் போகும் என்பதைக் கவனியுங்கள்.

கடற்கரையில் மணல் இரண்டு விதம். அலையும் ஓதமும் எட்டாத மேல்மணல் உலர்ந்து பொலபொலவென்று இருக்கும். அலை நனைத்துவிட்டுப் போகும் கீழ்மணல் கெட்டியாக இருக்கும். துகள்களுக்கிடையே உள்ள சிறிதளவு நீர், பரப்பு இழுவிசையால் அவற்றைப் பிடித்து இழுப்பதே காரணம். மணல்வீடு கட்ட ஈரமணலைத் தேடுகிறோமே, அதற்கும் இதுதான். ஈரமணலில் காலை அழுத்தினால் பாதத்தைச் சுற்றிச் சட்டென்று உலர்ந்த வட்டம் ஒன்று தோன்றும், பார்த்திருக்கிறீர்களா? நெருங்கி அடுங்கிய துகள்கள் அழுத்தத்தால் புரளும்போது அவற்றின் இடைவெளி கூடுகிறது. மேலே உள்ள நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். அந்தக் கணம் மணல் இன்னும் உறுதியாகிறது. ஆகவே ஓடுகிற வண்டியை ஈரமணல் தாங்கும். நிறுத்தினீர்களோ, போயிற்று! ஒவ்வோர் அலையும் சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். புகைப்படம் எடுக்க நிறுத்தும் வண்டிகள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கேரளத்தில் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு என்ற கடற்கரையில் நான்கு கிலோமீட்டர் தூரம் கார் ஓட்ட அனுமதிக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே சரிவு மிகக் குறைவு, மணலும் நுண்ணியது. எனவே கெட்டியான ஈரமணல் பட்டை அகலமாகக் கிடைக்கிறது. தனுஷ்கோடியைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது அடிக்கு ஓரடி தாழும் மெல்லிய சரிவானால், ஓதம் நனைக்கும் பட்டையின் அகலம் 30 மீட்டர். பத்தடிக்கு ஓரடி தாழும் சரிவானால் வெறும் 6 மீட்டர்! அலைக்குப் பயந்து ஓட்டுநர் சற்று ஒதுங்கினாலும் வண்டி மேல்மணலில் ஏறிவிடும். வழக்கே இந்த மேல்மணலைப் பற்றியதுதான்.

ஏனென்றால் அது காலி இடம் அல்ல. தை மாதத்திலிருந்து பங்குனிவரை, இரவில் கரையேறும் பங்குனி ஆமை தேடுவது அதே மேல்மணலைத்தான். அலை எட்டக்கூடாது, தோண்ட எளிதாக இருக்க வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழம் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மேலே எந்த அடையாளமும் இராது. அதன்மேல் டயர் ஏறினால், உடைகிற முட்டைகள் உடையும். உடையாதவற்றைச் சுற்றியும் மணல் இறுகிவிடும். முட்டை மூச்சு விடுவது அந்த மணலின் இடைவெளிகள் வழியாகத்தான், குஞ்சு மேலேறி வருவதும் அதன் ஊடேதான். ஏழு வாரம் போல் கழித்து வெளிவரும் குஞ்சின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். டயர் விட்டுச்சென்ற பள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் குஞ்சுக்கு அது தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு உயரச் சுவர்; ஏற ஏறச் சரியும் சுவர். பள்ளத்தில் விழுந்த குஞ்சுகள் கடல் பக்கம் ஏறாமல், பள்ளத்தின் வழியே நெடுந்தூரம் ஓடிக் களைப்பதை அமெரிக்கக் கடற்கரைகளில் கண்டிருக்கிறார்கள். விடிந்துவிட்டால் காக்கையும் நாயும் வெயிலும் இருக்கவே இருக்கின்றன. தனுஷ்கோடிப் பகுதியில் வனத்துறையினர் இந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழிகளும் இருக்கத்தானே செய்யும்?

செடிகளையும் சொல்ல வேண்டும். அடும்பங்கொடியும் 'இராவணன் மீசை' என்ற முள்புல்லும் பறக்கும் மணலைப் பிடித்துவைத்து மேடாக்குகின்றன. கொடியின் நுனியை ஒரு முறை டயர் நசுக்கினால் அந்த இடத்தில் காற்று மணலைக் கிளப்பத் தொடங்கிவிடும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலில் கடல் ஏறிவந்து ஓர் ஊரையே விழுங்கிய நிலம் இது. பயணிகளோடு வந்த ரயிலையும் கொண்டுபோய்விட்டது. அத்தகைய கரையில் ஒவ்வொரு மணல்மேடும் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

"நான் ஒருவன் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்ற வாதமும் உண்டு. மணலில் எவரும் புதிய வழி போடுவதில்லை. முன்னே போனவரின் தடம் இறுகியிருப்பதால் அதிலேயே போவார்கள். ஈரமணலில் பதிந்த தடத்தை அடுத்த அலை அழித்துவிடும். மேல்மணலில் பதிந்தது நாள்கணக்கில் கிடந்து அடுத்தவரை வா வா என்று அழைக்கும். ஒருவர் தடமாக இருந்தது ஒரு மாதத்தில் பாதையாகிவிடும்.

ஒரு காலத்தில் இங்கே மணலில் ஓட்டியதற்குத் தேவை இருந்தது. புயலில் பாதை அழிந்தபின், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் சேற்றிலும்தான் தத்தளித்துப் போய்வந்தன. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரைக் கிலோமீட்டர் புதுச்சாலை திறக்கப்பட்டது. அதோடு சுற்றுலாப் பயணிக்கு அந்தத் தேவை போய்விட்டது. மீனவர்கள் படகையும் வலையையும் மீனையும் ஏற்றியிறக்க மணலில் வண்டி கொண்டுவருவது வேறு, அது பிழைப்பு. அவர்களையும் நம்மையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியில்லை. இன்னொன்று: 2025 ஜூனில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மேலே காய்ந்த ஓடு, கீழே குழைசேறு என்றிருக்கும் அத்தகைய நிலம் வண்டிக்கும் பொறி, பறவைக்கும் இரை மேடை.

அரிச்சல்முனையில் ஒரு கயிறு கட்டி, ஒரு காவலரை நிறுத்தினால் போதாதா என்றால், கரை நீளமானது, காவலர் ஒருவர். வண்டிக்குள் இருப்பவர் நீங்கள். ஓட்டுவது சித்தப்பாவோ மாமாவோ, யாராக இருந்தாலும், மேலே உள்ள வகுத்தல் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். உள்ளங்கை இரண்டில் அரை டன் என்றால் அவருக்கு உடனே விளங்கும். பாரம் ஏற்றிப் பழகியவர் அல்லவா?

அடுத்த முறை போகும்போது ஓர் அளவெடுப்பும் செய்து வாருங்கள். அலை நனைத்துவிட்டுப் போகும் கெட்டி மணலின் அகலம் எத்தனை அடி என்று காலடியால் அளந்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு பிக்கப்பின் அகலம் சுமார் ஆறடி. இரண்டு அளவுகளையும் ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதியனுப்புங்கள்.