தாடை போனால் கூலியும் போகவேண்டுமா?

வாயில் ஆறாத புண், ஆடும் பல், வீங்கிய தாடை. தூத்துக்குடித் துறைமுகத்திலும் உப்பளத்திலும் உழைப்போர் பலர் இதைப் பல்வலி என்றே தள்ளிவிடுகிறார்கள். தாடைக்கட்டி எல்லாம் புற்று அல்ல. ஆயினும் எதையும் அசட்டை செய்யலாகாது. களைப்பை மறக்க மெல்லும் புகையிலை வாய்ப்புற்றை உண்டாக்கும். அது முற்றினால் எலும்பையும் அரிக்கும்.

மருத்துவம் கைவிரிக்கவில்லை. கட்டியோடு தாடையெலும்பை அறுத்தெடுத்து, காலின் சிற்றெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்திப் புதுத் தாடை அமைக்கும் முறையை 1989-ல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ வெளியிட்டார்.

அறுவைச் செலவுக்கு அரசுக் காப்பீடு உண்டு. ஆனால் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாத வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தகுதி பெற்ற ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மூலம் புற்றுநோய்க்கு ஈராண்டு வரை 80 சதவீத ஊதியம் கிடைக்கும். அன்றாடக் கூலிக்கு உப்பு வாருபவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் என்ன கிடைக்கும்?

தோழர்களே! 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளர் வார ஓய்வைப் போராடியே பெற்றனர். நோய்க்கால ஊதியம் உழைப்போர் அனைவருக்கும் வேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம்!