எண்ணுக்கு ராசி இல்லை, குணம் உண்டு

நம் சமூகத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி, "ராசியானதா?" என்பதுதான். கார் பதிவு எண்ணில் 4 வேண்டாம். கைப்பேசி எண்ணின் கூட்டுத்தொகை 8 ஆகக் கூடாது. பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டக்கூட எண் கணித ஜோதிடருக்குப் பணம். நான்கு இலக்க எண்ணைப் பந்தயம் கட்டி வாங்குவோர் கனவில் வந்த எண்ணைத் தேடுகிறார்கள். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் இழக்கும் பணம், பல வீடுகளில் பிள்ளைகளின் புத்தகப் பணம்.

எண்களுக்குக் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்கிறேன்.

பிரிக்பீல்ட்சின் அஞ்சல் குறியீடு 50470. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 5 × 7 × 7 × 103. மொத்தம் 24 காரணிகள். அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் 56234 வரும். எண்ணைவிடக் கூட்டுத்தொகை பெரிது என்பதால் இது 'மிகை எண்' வகையைச் சேர்ந்தது. கிள்ளானின் 41000 எண்ணுக்கு 32 காரணிகள். அதுவும் மிகை எண்தான்.

தேசிய இருதயக் கழகம் இருக்கும் ஜாலான் துன் ரசாக் பகுதியின் குறியீடு 50400. பிரிக்பீல்ட்சை விட 70 தான் குறைவு. ஆனால் அதற்கு 108 காரணிகள்! அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களை 'உயர் பகு எண்கள்' என்று வகைப்படுத்தி, 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். அவரது பட்டியலில் 50400 உண்டு.

ஜோதிடர் செய்யும் இலக்கக் கூட்டலுக்கும் உண்மையான பொருள் இருக்கிறது. 5+0+4+7+0 = 16; 1+6 = 7. 50470ஐ 9ஆல் வகுத்தால் மீதி 7 என்பதையே அது காட்டுகிறது. அது சொல்வது அவ்வளவுதான். திருமண நாளையோ வியாபார லாபத்தையோ அது சொல்லாது.

'காரணிகளும் மடங்குகளும்' நாம் படிவம் 1இல் படிக்கும் பாடம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை அதே பாடத்தின் மேல்தான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. கிடைத்த 600க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணை மீண்டும் பிரிப்பது இன்றைய கணினிகளால் இயலாத வேலை. கணினித் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை மாணவர்களின் சொந்த முகவரியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. மாணவர்களே, உங்கள் அஞ்சல் குறியீட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். எந்த ஐந்து இலக்க எண்ணும் பகா எண்ணா என்று அறிய, 316க்குள் இருக்கும் 65 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். அடுத்த முறை வீட்டில் யாராவது "இந்த எண் ராசியா?" என்று கேட்டால், அதன் காரணிகளைச் சொல்லுங்கள்.