பாக்கெட் கேக்கா, எனர்ஜி பாரா?

தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டும் கடும் உழைப்பில் முதலில் தீர்ந்துபோவது தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன். நன்கு உண்டு பயிற்சி பெற்ற உடலில்கூடத் தசையில் 400 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராம் அளவே அது இருக்கும். அதற்குப் பிறகும் வேகம் குறையாமலிருக்க, வழியிலேயே மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒன்று முதல் இரண்டரை மணி நேர உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம், அதைவிட நீண்டால் 90 கிராம் வரை என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க, கனடிய உணவியலாளர் அமைப்புகளும் 2016-இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை. குளுக்கோஸ் மட்டுமே கொடுத்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் ஏற்காது. பிரக்டோஸ் வேறு பாதையில் உறிஞ்சப்படுவதால், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எல்லையைத் தாண்ட முடியும். சாதாரணச் சீனியில் இரண்டும் சரிபாதி. மலாக்காவின் அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மளிகைக் கடையில் கிடைக்கும் பாக்கெட் கேக் இந்தப் பேச்சுக்குள் நுழைவதே இந்தச் சீனியால்தான்.

எனர்ஜி பாருக்கு வயது அதிகமில்லை. கனடிய மராத்தான் ஓட்டக்காரர் பிரையன் மேக்ஸ்வெல் 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பவர்பாரைத் தொடங்கினார்; 2000-இல் நெஸ்லே அதை வாங்கியது. பழைய பவர்பார் 65 கிராம் எடையில் சுமார் 45 கிராம் மாவுச்சத்தும் 9 கிராம் புரதமும் 3 கிராம் கொழுப்பும் கொண்டது. கனடாவில் பிறந்த ஜேம்ஸ் டூவர் 1930-இல் உருவாக்கிய ட்விங்கி, பாக்கெட் கேக்குகளில் உலகம் அறிந்தது. அதில் இரண்டு துண்டு சேர்ந்தால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவு வரும். ஆனால் கொழுப்பு 9 கிராம், புரதம் பேருக்குத்தான். மலேசியக் கடைகளில் கிடைக்கும் கார்டினியா டுவிகீஸும் அப்போலோ லேயர் கேக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வகைக் கேக்குகளின் கொழுப்பு பெரும்பாலும் செம்பனையிலிருந்து வருவது. மலாக்காவின் கித்தாத் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்ட நிலையில், குலை வெட்டுபவரின் பிள்ளை பயிற்சியில் தின்பது அந்தக் குலையின் எண்ணெயாகவும் இருக்கலாம்.

கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் மூன்றுமே இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. கேக்கில் கொழுப்பு தடை. ஓட்ஸும் கொட்டையும் சேர்ந்த பாரில் நாரும் புரதமும் தடை. கடைகளில் எனர்ஜி பார் என்ற பெயரில் விற்பவற்றில் பல உண்மையில் ஒருவேளை உணவுக்கு மாற்றாகச் செய்யப்பட்டவை. அவற்றை ஓட்டத்தின் நடுவே தின்பதைவிடக் கிரீம் குறைந்த கேக் வயிற்றுக்கு இலகு. பயிற்றுநர் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் போதும்: ஒரு துண்டில் மாவுச்சத்து 20 கிராமுக்கு மேலும், கொழுப்பு ஐந்து கிராமுக்குள்ளும், நார் இரண்டு கிராமுக்குள்ளும் இருந்தால் அது எந்தப் பெயரில் விற்றாலும் வேலைக்கு ஆகும்.

விளையாட்டுக்கென்றே தயாரித்த உணவுக்குத் தனிச் சிறப்பு உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தந்த விடை பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கிறது. அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் நீமன் குழு 2012-இல் 75 கிலோமீட்டர் மிதிவண்டிச் சோதனையில் வாழைப்பழத்தையும் விளையாட்டுப் பானத்தையும் ஒப்பிட்டது. நேரத்தில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் டேவிஸில், ஓட்டக்காரர்களுக்கு உலர்திராட்சையும் விளையாட்டு மிட்டாயும் சமமாகப் பயன்பட்டன. வெறும் தண்ணீரை இரண்டும் வென்றன. 2019-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் உருளைக்கிழங்குக் கூழை எனர்ஜி ஜெல்லோடு வைத்துப் பார்த்தபோதும் வேகம் ஒன்றுதான், ஆனால் கூழ் குடித்தவர்களுக்கு வயிறு உப்பியது. 2015-இல் மொன்டானா பல்கலைக்கழகம் துரித உணவு தின்றவர்களிலும் விளையாட்டுப் பொருள் தின்றவர்களிலும் கிளைகோஜன் ஒரே அளவில் மீள்வதைக் கண்டது. இவற்றில் எதுவும் கேக்கை நேராகச் சோதிக்கவில்லை, கலந்துகொண்டவர்களும் சிலரே. என்றாலும் தசை விலையையோ உறையையோ பார்ப்பதில்லை என்ற அளவுக்கு இவை உறுதியானவை.

வேறுபாடு தெரிவது வாயிலும் வெயிலிலும்தான். மிதிவண்டியில் போகிறவருக்கு மென்று விழுங்க நேரம் உண்டு, குலுக்கலும் குறைவு. ஓடுபவருக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்ற 50 கிலோமீட்டர் நடை, நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட போட்டி. அப்படிப்பட்ட வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே உதிரும் கேக்கை விழுங்குவது புரையேறத்தான் வழி. நீர்மமே அங்கே ஏற்றது. நெடுந்தூர மிதிவண்டிக்கும் குனோங் லேடாங் மலை ஏற்றத்துக்கும் திடஉணவு பொருந்தும்.

மலாக்காவின் புழுக்கத்தில் சாக்லேட் பூசிய பார் சட்டைப்பையிலேயே உருகிவிடும். கேக் நசுங்கினாலும் தின்னலாம். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும் இந்த வெயிலில் இரண்டிலும் உள்ள சோடியம் போதாது, ஒவ்வொரு துண்டோடும் தண்ணீரும் வேண்டும். பானத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு மலேசியாவில் 2019 ஜூலை முதல் வரி வந்தபின், அந்த எல்லைக்குள் அடங்கும்படி பல பானங்கள் மாறின. அத்தகைய பானம் அரை லிட்டர் குடித்தாலும் 25 கிராமுக்கு மேல் கிடைக்காது. மீதியைத் திட உணவு நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் இரண்டு துண்டு கேக்கோ காயா தடவிய ரொட்டியோ வாழைப்பழமோ, இறக்குமதி பாரின் விலையில் சிறு பங்கில் அதே வேலையைச் செய்யும். விரதமிருக்கும் சைவர்கள் மட்டும் கேக்கில் முட்டை உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்ப்பள்ளிகளின் குறுக்கோட்டம் இதில் சேராது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு வழியில் எந்த உணவும் தேவையில்லை. காலையில் பசியாறிவிட்டு வந்திருந்தால் போதும். 2004-இல் பர்மிங்ஹாமில், சுமார் ஒரு மணி நேர மிதிவண்டிச் சோதனையில் மாவுச்சத்து நீரை வாயில் கொப்பளித்துத் துப்பியதே வேகத்தை ஏறக்குறைய 3 விழுக்காடு கூட்டியது. வயிற்றுக்குள் எதுவும் போகவே இல்லை. விடியலில் பால்மரம் சீவ இறங்கி, வரக்கோப்பியோடும் ரொட்டியோடும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்த தலைமுறையின் உழைப்பும் வேறு வகை. அது மிதமான வேகத்தில் நீளும் உழைப்பு. பெரும்பகுதி கொழுப்பை எரித்து நடப்பது.

கேக்கைப் பரிந்துரைக்கும் உணவியலாளர் அதை நேரத்தோடு கட்டித்தான் பரிந்துரைக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. இரண்டு மணி நேர மிதிவண்டிப் பயிற்சியில் தின்ற கேக்கின் சீனியை இயங்கும் தசை எடுத்துக்கொள்கிறது. அதே கேக்கை மாலைத் தேநீரோடு தினமும் தின்றால் அது இரத்தத்தில் ஏறி, மிஞ்சியது ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. ஆகவே பயிற்சித் திட்டத்தில் கேக்கின் பெயருக்குப் பக்கத்திலேயே எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை துண்டு, எவ்வளவு தண்ணீரோடு என்பதும் எழுதப்பட வேண்டும். போட்டிக்கு முன்பு, அதே வெயிலில், அதே வேகத்தில் குறைந்தது இரண்டு மூன்று பயிற்சிகளிலாவது அதைத் தின்று வயிறு தாங்குகிறதா என்று பார்த்திருக்கவும் வேண்டும்.