சர்க்கார் அட்டையா? கம்பெனி பாலிசியா?

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சர்க்கார் காப்பீடு நல்லதா, கம்பெனிக் காப்பீடு நல்லதா என்கின்ற பேச்சு இப்பொழுது திண்ணைதோறும் நடக்கின்றது. இதில் நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம்.

சர்க்கார் அட்டை வாங்குவது கௌரவக் குறைவு என்கின்ற எண்ணம் நம் ஜனங்களிடம், சிறப்பாகப் பட்டணத்துப் பென்ஷன்காரர்களிடம், இருந்து வருகின்றது. “அதெல்லாம் ஏழைகளுக்கு, நமக்கெதற்கு?” என்கின்றார்கள். ஏழைக்குக் கிடைப்பது பிச்சை என்பதும், தான் அந்த ஏழையின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதுமே இப்பேச்சின் உட்கருத்தாகும். சோப்பு முதல் செருப்பு வரை வாங்கும் சாமானுக்கெல்லாம் ஆயுள் முழுதும் வரி கொடுத்த ஒருவன், அந்த வரிப்பணத்தில் வைத்தியம் செய்துகொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்?

2018-இல் ஏழைக் குடும்பங்களுக்கென்று தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டம், 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதான எல்லோருக்கும் வருமான வித்தியாசமின்றி விரிக்கப்பட்டது. அட்டைக்கு ‘ஆயுஷ்மான் வயவந்தனா’ என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, விஷயம் இதுதான்: குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை வைத்தியம். புருஷன் பெண்சாதி இருவரும் எழுபது தாண்டியிருந்தால் அந்தத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். முன்பே இருக்கும் வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. கம்பெனி பாலிசி இருப்பதும் இதற்குத் தடையல்ல. மத்திய சர்க்கார் ஊழியருக்கான வைத்தியத் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இனி கம்பெனிகளைப் பார்ப்போம். 2024 ஏப்ரலுக்கு முன் 65 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாகப் பாலிசி கொடுக்கும் கட்டாயமே அவற்றுக்கு இருந்ததில்லை. இப்பொழுது அந்த வயது வரம்பு போய்விட்டது. ஆனால் கதவைத் திறந்துவிட்டு வாசலிலே விலையை ஏற்றி வைத்திருக்கின்றார்கள். முதியோர் பிரீமியத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்திரவு போட நேர்ந்ததே, அதிலிருந்து முன்பு எப்படி உயர்ந்தது என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இல்லாத கிழவர் எத்தனை பேர்? அப்படி ஏற்கனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லக் கம்பெனிக்கு அதிகாரமுண்டு. 75 வயதுக்காரரைப் பார்த்து 78-இல் வாருங்கள் என்பதற்கு என்ன பொருள்?

அறை வாடகை விஷயம் இதிலும் மோசம். பாலிசியில் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று இருக்க, இடமில்லை என்று 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகை வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கூலி முதலியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டிவிடக்கூடும். ஏஜண்டு இதை வாயால் சொல்லமாட்டார். பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஆனாலும் கம்பெனி பாலிசியே வேண்டாம் என்பது நமது கருத்தல்ல. இளமையிலிருந்து விடாமல் கட்டி வருகின்றவர்கள் அதை நிறுத்துவது புத்தியீனம். தொடர்ந்து ஐந்து வருஷம் கட்டினால், மோசடி என்று ரூபித்தாலொழிய, வியாதியை மறைத்தாய் என்று கம்பெனி வழக்காட முடியாது. ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் காத்திருந்த காலம் கணக்கில் சேரும். எழுபதுக்குக் கீழே, வருமான வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கோ வேறு வழியும் அதிகமில்லை.

எழுபதைத் தாண்டிவிட்டுக் கையிலுள்ள சேமிப்பை எடுத்துப் புதுப் பாலிசி வாங்க நினைப்பவர்களுக்குத்தான் சொல்லுகின்றோம்: முதலில் அட்டையை எடுங்கள். உங்கள் ஜில்லாவில் எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கின்றது என்று நோய் வருமுன்னரே கேட்டு வையுங்கள். ஏனெனில் எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் அதில் சேரவில்லை. சேர்ந்திருந்தும் பணம் கேட்டால் 14555 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மிஞ்சும் பணமிருந்தால் பிறகு கம்பெனியைப் பாருங்கள்.

மற்றொரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. சர்க்கார் அட்டை, படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும். வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தோடு அதன் வேலை முடிந்தது. தினந்தோறும் விழுங்கும் மாத்திரைதான் முதியோரின் பெருஞ்செலவு. அதற்கு இன்றும் சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கின்றது. அந்த வரிசையில் உட்கார ஒரு பெஞ்சியாவது போடச்சொல்லி எந்த மெம்பரும் இதுவரை நம் காதில் விழும்படி கேட்டதில்லை.